75 மீட்டர் எறிகிறவர் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி கடலூரிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் கல்லூரியில் நான்கு வருடம் அல்டிமேட் ஃபிரிஸ்பி (குழுவாகத் தட்டு வீசி ஆடும் ஆட்டம்) ஆடியவர். ஆறு மாதமாக மஞ்சக்குப்பம் மைதானத்தில் டிஸ்க் கால்ஃப் தட்டுகளை எறிந்து பழகுகிறார். நன்றாகப் போனால் 75 மீட்டர் போகிறது. கூட எறியும் நண்பர் 110 மீட்டரைத் தொடுகிறாராம். "இந்தத் தூரம் எனக்கு வரவே வராது போலிருக்கிறது. போட்டி என்று இறங்கினால் தூரம் எவ்வளவு முக்கியம்? போய் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியதுதானா?" என்று கேட்கிறார்.

தம்பி, தாராளமாகப் போங்கள். அவமானமெல்லாம் ஒன்றும் வராது. அதே சமயம், "தூரத்தில் என்ன இருக்கிறது, குறி சரியாக இருந்தால் போதும்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நாற்பது வயதுக்கு மேல் தட்டைக் கையில் எடுத்தவர்கள். எங்களுக்குத் தூரம் வராது. அதனால் தூரமே தேவையில்லை என்று ஒரு கொள்கையை உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

நான் புதுச்சேரிக்காரன். ஏழு வருடமாக எறிகிறேன். என் உச்சம் ஒரு காலத்தில் 95 மீட்டர். இப்போது தோள்பட்டை மனசு வைத்தால் 85. ஆகவே உங்கள் கஷ்டமும் தெரியும், உங்கள் நண்பரின் சந்தோஷமும் ஓரளவு தெரியும்.

ஆட்டமே தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கால்ஃப் மாதிரிதான், ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து எறிய வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், குறைந்த எறிகளில் கூடையில் போட வேண்டும். வழக்கமாக 18 கூடைகள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1975-ல் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார், அடுத்த வருடமே பி.டி.ஜி.ஏ. என்ற சங்கத்தையும் தொடங்கினார். இன்றைக்கும் விதிகள் அந்தச் சங்கத்துடையவைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடியிருப்பீர்கள். புள் எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதைக் கிட்டியால் அளந்து எண்ணிக்கை போடுவோம். ஒரு கிட்டி கூடினால் ஒன்று கூடும். கோலியில் அந்தப் பேச்சே கிடையாது. பட்டதா, படவில்லையா, அவ்வளவுதான். டிஸ்க் கால்ஃபைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் கிட்டிப்புள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் கோலி. ஆனால் கோலி ஆட வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர ஒரு கிட்டிப்புள் தேவைப்படுகிறது. குழப்பமெல்லாம் இதில்தான்.

உங்கள் 75-ஐயும் நண்பரின் 110-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடை 60 மீட்டரில் இருந்தால் இருவரும் ஒரே எறியில் பக்கத்தில் போய்விடுவீர்கள். அங்கே அவருடைய கூடுதல் 35 மீட்டருக்கு நேரடியான வேலை எதுவும் இல்லை. கூடை 95 மீட்டரில், மூன்று எறி பார் (அந்தக் கூடைக்கு இத்தனை எறி என்று வகுத்திருக்கும் கணக்கு) என்று வையுங்கள். உங்கள் நல்ல எறி கூடைக்கு 20 மீட்டர் முன்னால் விழுகிறது. அங்கிருந்து போடுவது அபூர்வம், ஆகவே பக்கத்தில் தள்ளி வைத்து மூன்றாவதில் போடுவீர்கள். பார். நண்பரின் நல்ல எறி கூடைக்கு ஆறேழு மீட்டரில் விழும், இரண்டாவதில் போட்டுவிடுவார். பர்டி, அதாவது பாருக்கு ஓர் எறி குறைவு. இங்கே தூரம் ஒரு முழு எறியைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. இப்போது 140 மீட்டரில் நான்கு எறி பார் உள்ள ஒரு கூடை. நீங்கள் இரண்டு எறிகளில் போய்ச் சேருகிறீர்கள், அவரும் இரண்டு எறிகளில்தான். மூன்றாவதில் இருவருமே கூடைக்கு எதிரே நிற்பீர்கள். அவருடைய இரண்டாவது எறி வெறும் 30 மீட்டர்தான் என்பதால் இன்னும் நெருக்கமாக விழும், அவ்வளவே. கூடையை 180-க்குத் தள்ளினால் மறுபடி நீங்கள் ஓர் எறி பின்தங்கிவிடுவீர்கள்.

பார்த்தீர்களா, தூரத்தின் மதிப்பு சரிவுப் பாதை மாதிரி சீராக ஏறுவதில்லை. படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. உங்கள் 75 மீட்டர் 85 ஆனால் சில கூடைகளில் ஒரு பைசா பிரயோசனம் இருக்காது, சில கூடைகளில் ஒரு எறியே மிச்சமாகும். எத்தனை கூடைகள் அப்படிப்பட்டவை என்பது நீங்கள் ஆடப்போகும் மைதானத்தைப் பொறுத்தது. அதனால் "போட்டிக்குத் தூரம் எவ்வளவு முக்கியம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். மைதானத்தின் 18 நீளங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள், பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

இன்னொன்றையும் அந்தக் கணக்கில் கவனியுங்கள். தூரம் குறைந்தவர் இழப்பது பர்டிகளை. பார் அவர் கையை விட்டுப் போவதில்லை. 75 மீட்டர் எறிகிறவர், மரத்தில் மோதாமல், எல்லைக்கு வெளியே போடாமல், பக்கத்திலிருந்து தவறவிடாமல் ஆடினால், சாதாரண மைதானத்தில் அநேகமாக எல்லாக் கூடையிலும் பார் எடுத்துவிடலாம். புதியவர்கள் பிரிவில் அப்படி ஆடுகிறவர் பெரும்பாலும் முன்வரிசையில்தான் இருப்பார். ஏனென்றால் அந்தப் பிரிவில் தோற்பவர்கள் பர்டி போடாமல் தோற்பதில்லை. ஒரே கூடைக்கு ஆறு எறி, ஏழு எறி என்று வாங்கித் தோற்கிறார்கள். பி.டி.ஜி.ஏ.வின் தரமதிப்பெண்ணில் 1000 என்பது தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. அமெச்சூர்களில் 850-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு பிரிவு, 900-க்குக் கீழே ஒன்று, 935-க்குக் கீழே ஒன்று, அதற்கு மேல் எல்லோரும் ஆடும் பிரிவு ஒன்று. ஏணியின் அடிப்படிகளில் போகி (பாருக்கு ஓர் எறி கூடுதல்) வாங்காதவன் ஜெயிக்கிறான். மேலே போகப்போகப் பர்டி போடுகிறவன் ஜெயிக்கிறான். ஆகவே தூரத்தின் விலையும் மேலே போகப்போகத்தான் ஏறுகிறது.

இனி குறி. எங்கள் குழு எறிவது ஒரு சவுக்குத் தோப்பில். வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பழைய சைக்கிள் ரிம்மில் சங்கிலி கோத்து ஒரு கூடை செய்து வைத்திருக்கிறோம். சவுக்கை வரிசையாக நடுவார்கள் என்பதால் இயற்கையாகவே நீண்ட சந்துகள் கிடைக்கும். முப்பது மீட்டர் தள்ளி நாலு மீட்டர் அகலத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். அதன் நடுவைப் பார்த்து எறிகிறீர்கள். உங்கள் திசை இடதோ வலமோ நான்கு டிகிரி பிசகினால் மரம். நீங்கள் 75 மீட்டர்க்காரரா 110 மீட்டர்க்காரரா என்று அந்த மரம் கேட்பதில்லை.

மரமே இல்லாத வெட்டவெளியிலும் கோணம் தன் வேலையைக் காட்டும். ஐந்து டிகிரி பிசகுடன் 80 மீட்டர் எறிந்தால் தட்டு குறியிலிருந்து 7 மீட்டர் விலகி விழும். அதே ஐந்து டிகிரியுடன் 120 மீட்டர் எறிந்தால் பத்தரை மீட்டர். கையின் தவறு ஒன்றேதான், ஆனால் தூரம் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. நீண்ட தூரம் எறிகிறவர் உங்களைவிடக் குறி கூடியவராக இருந்தால்தான் அந்தத் தூரம் அவருக்கு லாபம். இல்லாவிட்டால் முள்ளுக்குள் கொஞ்சம் அதிக தூரம் நடந்து போய்த் தேடுவார். எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான், வாரம் ஒரு தட்டு தொலைப்பார்.

அந்தப் பத்து மீட்டர் ஏன் முக்கியம் என்றால், ஆட்டத்தின் விதியிலேயே அந்தக் கோடு இருக்கிறது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிந்தால், தட்டைக் கைவிட்ட பிறகு கால் ஊன்றி நிலைகொண்டு நிற்பதைக் காட்டிவிட்டுத்தான் முன்னே நகரலாம். எறிந்த வேகத்தில் முன்னால் சரிந்தால் தவறு. வெளியே இருந்தால் எறிந்த வேகத்திலேயே முன்னே அடி எடுத்து வைக்கலாம்.

புதுச்சேரியில் பெரியவர்கள் சாயங்காலம் பெத்தாங் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம். அங்கேயும் சின்ன மரக்குண்டை 6 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குள்தான் போட வேண்டும். வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றியே எறிய வேண்டும், எறிந்த குண்டு தரையைத் தொடும்வரை கால் நகரக் கூடாது. எழுபது வயதுத் தாத்தா ஒருவர், இடுப்பைக்கூட வளைக்காமல், முழங்கையை மட்டும் ஆட்டி, எதிரியின் குண்டைத் தட்டி விரட்டுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். டிஸ்க் கால்ஃபில் பட்டர் பயிற்சி என்பது அதுதான். (பட்டர் என்றால் கூடைக்குப் போடும் மெதுவான தட்டு. பட்டர் பன்னை நினைக்க வேண்டாம்.) உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் இந்தப் பத்து மீட்டர் வட்டத்துக்குள், காலடியில் இருப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும், பத்தில் எட்டுக்கு மேல் போடுகிறார்கள். பத்திலிருந்து இருபது மீட்டருக்குள் என்றால் அவர்களே பத்தில் மூன்று போட்டால் பெரிது. ஆக, முதல் எறி உங்களை வட்டத்துக்குள் கொண்டு சேர்க்கிறதா என்பதுதான் கேள்வி. சேர்த்தால் பர்டி பெரும்பாலும் கையில், இல்லாவிட்டால் பார்.

நான் முதன்முதலில் போட்டியாக ஆடிய நாளில் 18 கூடைகளில் ஆறு மீட்டருக்குள்ளிருந்து ஐந்தைத் தவறவிட்டேன். ஐந்து எறிகள்! அதைச் சம்பாதிக்க எத்தனை மீட்டர் தூரம் கூட்டியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வயதில் அது நடக்கிற காரியமில்லை. மறுநாளே மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையை ஸ்டூல் மேல் வைத்து எறிய ஆரம்பித்தேன். கீழ் வீட்டுக்காரர் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார்.

பெரிய ஆட்டக்காரர்கள் விஷயத்தில் எப்படி என்று கேட்பீர்கள். தட்டை அதிக தூரம் எறிந்த சாதனை டேவிட் விகின்ஸ் ஜூனியருடையது. 2016-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், காற்றின் துணையோடு, 338 மீட்டர். அதற்கு முன் 263 மீட்டர் சாதனையை வைத்திருந்தவர் ஜெர்மனியின் சைமன் லிசோட், மிகப் பெரிய ரசிகர் பட்டாளம் உள்ளவர். இருவரும் தொழில்முறை உலகப் பட்டத்தை வென்றதில்லை. மறுபக்கம் கென் க்ளைமோ 12 முறை உலகப் பட்டம் வென்றவர், அதில் 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அவருடைய நிதானத்தையும் பட்டிங்கையும்தான். 2018-ல் பட்டம் வென்ற கிரெக் பார்ஸ்பியை யாரும் நீண்ட தூர எறிகாரர் என்று சொல்லமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை 2021-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலகப் போட்டி. கடைசிக் கூடை. பால் மெக்பெத் ஓர் எறி முன்னிலையில் இருக்கிறார். அதற்குள் நான்கு உலகப் பட்டங்களுக்கு மேல் வாங்கிவிட்டவர், அந்த வருடம்தான் ஒரு தட்டுக் கம்பெனியுடன் பத்து வருடத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஜேம்ஸ் கான்ராட் கூடைக்கு 75 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு பட்டர் தட்டை எறிந்து நேராகச் சங்கிலியில் போட்டார். சமன். பிறகு கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வாங்கிப் போனார். உங்கள் உச்சத் தூரம் 75 மீட்டர் என்கிறீர்கள். டிஸ்க் கால்ஃபின் மிகப் புகழ்பெற்ற எறி சரியாக அந்தத் தூரம்தான்.

ஆனால் இந்தக் கதையை வைத்துத் தூரம் வேண்டாம் என்று முடிவுகட்டினால் தப்பு. கான்ராடும் பார்ஸ்பியும் தங்கள் காலத்தில் நடுத்தரத் தூரக்காரர்களாக இருக்கலாம். ஆனால் நம் மைதானத்துக்கு வந்தால் நாம் வாயைப் பிளந்து பார்ப்போம். இன்றைய ஆண்கள் பிரிவில் உச்சத்தில் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய 140 மீட்டரைச் சிரமமில்லாமல் எறிகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைய அது சீட்டு மாதிரி. உள்ளே போய்விட்டால் எல்லோர் கையிலும் அதே சீட்டு இருக்கிறது, அதனால் அங்கே பட்டிங் பேசுகிறது. வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தூரம் முக்கியமில்லை போலத் தோன்றுவது இதனால்தான்.

உங்கள் ஊரில் தூரத்தை மட்டுமே வைத்து ஒரு ஆட்டம் நடந்திருக்கிறது, தெரியுமா? தேவனாம்பட்டினத்தில் கடிலம் ஓரம் இடிந்து கிடக்கிறதே, புனித டேவிட் கோட்டை, அதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பிச் சுடவைத்தார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்று பேரே வந்துவிட்டது. அந்தப் பீரங்கிக்காரனுக்குக் குறி தேவைப்படவில்லை, எந்தத் திசையில் போனாலும் லாபம். உங்கள் நண்பர் ஆடுவது கொஞ்சம் அந்த ஆட்டமோ என்று எனக்குச் சந்தேகம். போட்டியில் எல்லைக்கு வெளியே விழுந்தால் நிலம் கிடைக்காது, ஓர் எறி தண்டம்தான் கிடைக்கும்.

தூரத்தின் உண்மையான பயன் என்று நான் நினைப்பது வேறு. அது மிச்சமாக இருக்கும்போதுதான் அதிகம் உதவுகிறது. ஈ.சி.ஆரில் மொபெட்டும் போகும், புல்லட்டும் போகும். ஐம்பதில் போகும்போது மொபெட் உயிரைக் கொடுத்து ஓடுகிறது, புல்லட் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது. 75 மீட்டர் கூடைக்கு நீங்கள் டிரைவரை (தூரத்துக்கான வேகமான தட்டு) எடுத்து, ஓடி வந்து, பல்லைக் கடித்து எறிகிறீர்கள். நண்பர் மிட்ரேஞ்ச் என்ற நடுவேகத் தட்டை எடுத்து முக்கால் வேகத்தில் விடுகிறார். மெதுவான தட்டு நேராகப் போகும், கடைசியில் அதிகம் வளையாது, விழுந்த இடத்திலேயே உட்காரும். டிரைவர் விழுந்த பிறகும் சறுக்கிக்கொண்டு போகும். அதோடு, உடம்பு முழு வேகத்தில் இயங்கும்போது குறி கெடுவது இயற்கை. ஆகத் தூரம் என்பது ஒருவகையில் குறியும்தான். முழு பலத்தையும் போடாமல் அதே இடத்தை அடைகிறவருக்குக் குறி வைக்கக் கையில் நிதானம் மிஞ்சும்.

கடைசிக் கூடைகளில் இது நன்றாகத் தெரியும். நம் வெயிலில் பதினைந்தாவது கூடைக்கு வரும்போது கால் கனக்கும். உச்சத்திலேயே எறிந்துகொண்டு வந்தவருக்கு 75 மீட்டர் 65 ஆகிவிடும். மிச்சம் வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகாது.

சரி, உங்கள் 75-ஐ எப்படிக் கூட்டுவது? கவலைப்படாதீர்கள், இந்த இடத்தில் பலம் பெரிய விஷயமே இல்லை. 75-லிருந்து 95 வரை பெரும்பாலும் முறைதான். அதற்குமேல் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

முதல் சந்தேகம், உங்கள் கையில் இருக்கும் தட்டு மேல். நான் தொடங்கியபோது அதிவேக டிரைவர் வாங்கினேன், வேக எண் 13. தட்டில் பொதுவாக நான்கு எண்கள் போட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் திரும்பும் குணம், முடிவில் சாயும் குணம். வேகம் 13 என்றால் வேகமாகப் போகும் என்று நினைத்தேன். அவ்வளவு வேகமாக எறியத் தெரிந்தவனுக்குத்தான் அது ஒழுங்காகப் போகும் என்று அர்த்தமாம். வலக்கை பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்னே வர எறிவது) எறிந்த தட்டு, வேகம் இருக்கும்வரை நேராகவோ வலப்பக்கமாகவோ போகும். வேகம் குறைந்ததும் இடது பக்கம் சாய்ந்து இறங்கும். சுழற்சி தீர்ந்து சாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சுழற்சி கடைசிவரை நிறையவே இருக்கிறது. வேகம் குறையக் குறையத் தட்டின் மேல் காற்று படும் கோணம் மாறுகிறது, அது தட்டின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது, சுழலும் பொருளானதால் அந்தத் தள்ளல் பக்கவாட்டுச் சாய்வாக வெளிப்படுகிறது. நான் எறிந்த வேகத்தில் அந்த 13-ம் எண் தட்டுக்குப் பறக்கும் கட்டமே வரவில்லை, கையைவிட்டதும் சாய ஆரம்பித்துவிட்டது. வேகம் 6, 7 உள்ள தட்டுக்கு மாறிய வாரத்தில் எனக்குப் பத்து மீட்டர் கூடியது. காசும் மிச்சம்.

இரண்டாவது சந்தேகம் மூக்கு. தட்டின் முன் விளிம்பு மேலே தூக்கியிருந்தால், எவ்வளவு பலமாக எறிந்தாலும் அது ஏறி, நின்று, இடது பக்கமாகச் சறுக்கி விழும். தூரம் வராத பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் நோய் என்பது என் அனுபவம். ஒரு பக்கமாக நின்று கைப்பேசியில் படம் எடுத்து, தட்டு கையைவிட்டுப் போகும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். முன் விளிம்பு பின் விளிம்பைவிட மேலே இருந்தால் நோய் உங்களுக்கும் உண்டு. தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து ஊற்றும்போது மணிக்கட்டு கீழே இறங்குமே, அந்த நிலையில் மணிக்கட்டை வைத்துத் தட்டைப் பிடியுங்கள். மூக்கு தானாக இறங்கும்.

மூன்றாவது, அல்டிமேட் பழக்கம். அந்த ஆட்டத்தின் தட்டு 27 சென்டிமீட்டர் அகலம், 175 கிராம். கால்ஃப் தட்டு ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் 21 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு கூர். நீங்கள் ஒரு கால் ஊன்றி, தடுப்பவரைச் சுற்றிக் கையை நீட்டி எறிந்து பழகியவர். கையை மட்டும் நம்புகிறீர்கள். கால்ஃபில் யாரும் உங்களைத் தடுப்பதில்லை. நிதானமாக அடி வைத்து, முன் காலை அழுத்தி ஊன்றி, இடுப்பு திரும்பி, அதன்பின் தோள், அதன்பின் முழங்கை, கடைசியில்தான் தட்டு. துணி துவைக்கிறவர் கல்லில் அடிப்பதைக் கவனியுங்கள், கை கடைசியாகத்தான் வரும். தட்டை நெஞ்சை ஒட்டி இழுத்து வாருங்கள், பெரிய வட்டம் போடாதீர்கள். உங்களுக்கு ஒரு வரப்பிரசாதமும் உண்டு. ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே வரப் பக்கவாட்டில் எறிவது) ஏற்கெனவே கையில் இருக்கிறது. பேக்ஹேண்ட் இடது பக்கம் சாய்ந்தால் அது வலது பக்கம் சாயும். இரண்டும் தெரிந்தவருக்கு எந்தப் பக்கம் வளையும் சந்தும் ஒன்றுதான். 110 மீட்டர் பேக்ஹேண்ட் மட்டும் தெரிந்த உங்கள் நண்பர் வலப்பக்கம் வளையும் கூடைக்கு என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

தோப்புக்குத் தோப்பு வேறு கலையும் தேவைப்படும். முந்திரித் தோப்பில் எறிந்திருக்கிறீர்களா? கிளைகள் தாழ்ந்து தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும். அதற்குள் தட்டு போய்விட்டால் முழங்காலில் உட்கார்ந்து, இடுப்பு உயரத்துக்கு மேல் எழாமல் முப்பது மீட்டர் எறிந்து வெளியே வர வேண்டும். தானே புயலுக்கு முன் இருந்த கிழட்டு மரங்களடியிலாவது கொஞ்சம் குனிந்து நிற்கலாம் என்பார்கள். அதற்குப் பிறகு நட்ட மரங்களில் அந்த வசதியும் இல்லை. ஒருமுறை நான் அங்கிருந்து வெளியே வர மூன்று எறி எடுத்தேன்.

காற்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது, நாம் கடற்கரைக்காரர்கள். கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று, நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பிவிடும். எதிர்க்காற்றில் தட்டு இன்னும் வேகமாகப் போவது போலத்தான் நடந்துகொள்ளும், அதிகம் வலப்பக்கம் திரும்பும், மூக்கு தூக்கியிருந்தால் காற்றாடி மாதிரி ஏறித் திரும்பி உங்களிடமே வந்தாலும் வரும். பின்காற்றில் சீக்கிரம் சாயும், மிதப்பு குறையும். ஆனால் நல்ல உயரத்தில் விட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். எதிர்க்காற்றுக் கூடையில் 110 மீட்டர்க்காரரும் 75 மீட்டர்க்காரரும் ஏறக்குறையச் சமமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பலமாக எறிகிறவர் மூக்கைச் சரியாக வைக்கத் தெரியாதவராக இருந்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், போட்டிக்கு மூன்று மாதம் இருக்கிறது என்றால் முதல் மாதம் தூரத்துக்குக் கொடுங்கள், மூக்கையும் இடுப்பையும் சரிசெய்யுங்கள். அப்புறம் அதைத் தொடாதீர்கள். எறியும் முறையை மாற்றும்போது குறி கொஞ்ச நாள் கெடும், அந்தக் கெட்ட நாட்கள் போட்டி வாரத்தில் வரக் கூடாது. மீதி இரண்டு மாதமும் பாதி நேரம் எட்டு மீட்டருக்குள், பாதி நேரம் முப்பதிலிருந்து அறுபது மீட்டர் எறிகள். நான் எறிந்ததில் அதிகம் பலன் தந்தது அந்த நாற்பது மீட்டர் எறிதான். யாரும் அதைப் பயிற்சி செய்வதில்லை. பார்க்க அழகாக இருக்காது.

கடைசியாக அந்த 110 மீட்டர். எப்படி அளந்தார்? காலடியால் அளந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர். உச்ச எறியைச் சொல்கிறாரா, வழக்கமான எறியைச் சொல்கிறாரா? நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். பத்து எறி எறிந்து, முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் தள்ளிவிட்டு மீதி ஆறின் சராசரியைப் பாருங்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதோடு, அன்றைக்குக் காலையில் கடலைப் பார்த்து எறிந்தாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் மேல்காற்று அவர் முதுகுப் பக்கம் இருந்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து ஒருமுறை எறியச் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.